விட்ட சோதினையை எழுதி முடிக்க

ஓ.எல் என்கிற க.பொ.த. சாதாரண தரம், ஏ.எல் என்கிற உயர்தரம் இரண்டில் எதை எழுதுவதென்றாலும், புத்தகம் வாங்க முதல், ரியூசன் தேட முதல், உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள். "அக்கா, எனக்கும் ஓ.எல் எழுதி முடிக்க ஆசை" என்று என் வீட்டு விறாந்தையில் வந்து இருக்கிற எல்லாரையும் முதல் நாள் நான் திருப்பி அனுப்புவது அதை எடுத்துவரத்தான். உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, தகப்பன் பெயர் எப்படி, திகதி என்ன. அது சரியென்றால் மிச்சத்தைப் பேசலாம். சரியில்லையென்றால் படிப்பும் பத்திர அலுவலும் ஒன்றாக ஓடவேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குவோம் என்று இருந்தால் ஒரு வருசம் போய்விடும்.

நான் வன்னியில், விசுவமடுவில் முன்பள்ளி ஆசிரியை. சொந்த ஊர் உருத்திரபுரம். 1992இல் பிறந்தேன், 2008 டிசம்பரில் ஓ.எல் எழுதியிருக்கவேண்டிய ஆள். அந்த டிசம்பரில் நாங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்து தருமபுரத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். பிறகு சுதந்திரபுரம், மாத்தளன், செட்டிகுளம் முகாம். 2009 ஓகஸ்டில் முகாமுக்குள்ளேயே ஏ.எல் சோதினை நடந்தது. என் அக்கா தண்ணீர் வரிசையில் வாளியோடு நின்றபடி படித்து அதை எழுதினா. எனக்கு அந்த வருசம் புத்தகத்தைத் தொடவே மனம் வரவில்லை. ஊருக்குத் திரும்பி, கலியாணம் முடித்து, மூத்த மகள் பிறந்த பிறகு 2012இல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, அதாவது பள்ளிக்கூடம் மூலம் இல்லாமல் நானாகவே விண்ணப்பித்து, ஓ.எல் எழுதினேன். கணிதம் விழுந்தது. 2013இல் கணிதத்தை மட்டும் திரும்ப எழுதி சீ எடுத்தேன். 2016இல் ஏ.எல். 2018இலிருந்து பின்னேரங்களில் என்னோடு இருந்து படித்தவர்கள் இருபது பேருக்கு மேல். அவர்களில் பதினேழு வயதுப் பிள்ளையும் உண்டு, மூன்று பிள்ளைகளின் தாயும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அதிபரும் வகுப்பாசிரியரும் இந்த வேலைகளைப் பார்த்துக்கொள்வார்கள். நான் எழுதுவது இடையில் நின்றவர்களுக்கு. ஒரு தடவை எழுதி விழுந்து, வெட்கத்தில் வீட்டோடு இருக்கிறவர்களுக்கும்தான்.

பத்திரங்கள்

பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பயப்படவேண்டாம். பதிவு இருக்கிறவரைக்கும் பிரதி எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பப் படிவம் இருக்கும். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். அம்மாவின் பழைய கிளினிக் அட்டை, உங்கள் பள்ளிக்கூட அனுமதிப் பதிவு, சகோதரங்களின் சான்றிதழ் இவற்றில் ஏதாவது ஒன்றில் அந்த விபரம் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் அம்மா எங்கள் மூன்று பேரின் சான்றிதழையும் இரண்டு ஷொப்பிங் பைக்குள் சுற்றி இடுப்பில் கட்டியபடி மாத்தளன் கடந்தா. அப்படிக் காப்பாற்ற முடியாமல் போன தாய்மார் எத்தனையோ பேர். அது அவர்கள் பிழை இல்லை.

பதிவே நடக்காமல் போனவர்களின் அலுவல் கொஞ்சம் நீளம். இடம்பெயர்வுக்குள் பிறந்த பிள்ளைகள் இப்போது ஓ.எல், ஏ.எல் வயதில் நிற்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பதிவு இல்லை என்பது சோதினைக்குப் பெயர் கொடுக்கும்போதுதான் வீட்டுக்குத் தெரியவருகிறது. கிராம சேவகரிடம் போய் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரித் துண்டு, பள்ளிக்கூடப் பதிவேட்டின் பிரதி, சத்தியக் கடதாசி என்று கேட்பார்கள். எந்த வழியிலும் பதிவு செய்ய முடியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொல் தெரியாமல் போய்க் கேட்டால் "ஒன்றும் செய்ய ஏலாது" என்ற பதிலோடு வீட்டுக்கு வரவேண்டியதாகிவிடும்.

அடுத்தது அடையாள அட்டை. 15 வயது முடிந்தால் விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அதிபர் மூலம். வெளியில் இருப்பவர்களுக்குக் கிராம சேவகர் மூலம், பிரதேச செயலகத்துக்கு. படத்தைப் பதிவு பெற்ற ஸ்ரூடியோவில் எடுத்து அவர்கள் தரும் பற்றுச்சீட்டை விண்ணப்பத்தோடு சேர்க்கவேண்டும். மூலைக்கடையில் எடுத்த படத்தோடு போனால் திரும்பி வரவேண்டும்; பஸ் செலவு இரண்டு தரம். அட்டை சோதினைக்கு முன் வராதுபோல் இருந்தால் தபால் கந்தோரில் தபால் அடையாள அட்டை எடுக்கலாம். சோதினை மண்டபத்தில் அதை ஏற்றுக்கொள்வார்கள். அதற்கும் கடைசி வாரம்வரை காத்திருக்கவேண்டாம்.

இப்போது பெயர். பிறப்புச் சான்றிதழில் என் பெயரில் ஒரு 'ச்' இருக்கிறது. அடையாள அட்டையில் அது இல்லை. ஆங்கில எழுத்திலும் ஒன்றில் ஒரு 'எச்' கூட. 2012இல் இதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பெறுபேறு வந்து, வேலைக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் ஒரு கந்தோரில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கடிதம் கேட்டார்கள். கடைசியில் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தேன். நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சோதினைக்கு விண்ணப்பிக்க முதலே திருத்துங்கள். அதன் பிறகு எங்கும் எதிலும் ஒரே எழுத்து.

எத்தனை பாடம், எந்தப் பாடம்

க.பொ.த. சாதாரண தரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு 9 பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் எல்லாருக்கும். மற்ற மூன்றும் மூன்று தொகுதியிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பது. ஒன்றில் புவியியல், குடியியற் கல்வி, வணிகம் போன்றவை. இன்னொன்றில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம், இலக்கியம். மற்றதில் விவசாயம், சுகாதாரம், மனைப்பொருளியல், தகவல் தொழினுட்பம் போன்றவை.

75க்கு மேல் ஏ, 65க்கு மேல் பீ, 50க்கு மேல் சீ, 35க்கு மேல் எஸ். அதற்குக் கீழே டபிள்யூ, அதாவது சித்தியில்லை. ஏ.எல் படிக்கப் போக, தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடம் சித்தி வேண்டும். அந்த ஆறுக்குள் 3 பாடமாவது சீ. இந்த வரியை ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வேன். எங்கள் ஆட்களுக்கு ஓ.எல் என்றால் ஒன்பதும் ஏ எடுத்த பிள்ளையின் பனர்தான் கண்ணுக்கு வருகிறது. ஒழுங்கை முகப்பில் கட்டியிருக்கும் அந்தப் பனரைப் பார்த்துவிட்டு "இது எனக்கு ஏலாது" என்று திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கணக்கு வேறு. உங்களுக்கு வேண்டியது ஆறு. அதில் மூன்று ஐம்பதைத் தாண்டவேண்டும், மற்ற மூன்று முப்பத்தைந்தைத் தாண்டவேண்டும்.

தனியாகப் படிக்கிறவர்களுக்கு என் தெரிவு இது: தமிழ், கணிதம், சமயம், வரலாறு, குடியியற் கல்வி, விவசாயம். இவற்றோடு ஒன்றிரண்டு கூடப் போட்டுவையுங்கள். ஆறுக்கு ஆறு மட்டும் எழுதினால் ஒன்று சறுக்கினாலும் முழுவதும் போய்விடும். சமயத்திலும் குடியியற் கல்வியிலும் சீ எடுப்பது கடினமில்லை. விவசாயம் நான் வற்புறுத்திச் சொல்கிற பாடம். வயலில் நின்றவர்கள், கத்தரிக்குப் பூச்சி மருந்து அடித்தவர்கள், கோழி வளர்த்தவர்கள் நாங்கள். பாதி விடை கையிலேயே இருக்கிறது. புத்தகத்தில் இருக்கிற சொல்லைப் பழகினால் போதும். நடனம், சங்கீதம் போன்றவற்றுக்குச் செயன்முறைச் சோதினை தனியாக நடக்கும். ஆசிரியர் இல்லாமல் அதற்குப் போவது கஸ்டம், அதனால் வெளியில் இருந்து எழுதுகிறவர்கள் தவிர்ப்பது நல்லது. ஆங்கிலத்தை எழுதுங்கள். எஸ் வந்தாலும் அது பெரிய உதவி.

ஒரே தடவையில் ஆறும் வந்தால் யாரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். என்னைப்போல் இரண்டு தடவைப் பெறுபேற்றைச் சேர்க்கவேண்டி வந்தால், ஏ.எல் படிக்கப் போகிற பள்ளிக்கூடத்தின் அதிபரிடம் அந்த நேரத்துச் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லி உங்கள் கண்ணால் வாசியுங்கள். கணிதம் விடுபட்ட பிள்ளைகளுக்கும் காலத்துக்குக் காலம் சலுகைச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதை நம்பிக் கணிதத்தைக் கைவிடவேண்டாம். அரச வேலை விளம்பரம் எதையாவது எடுத்துப் பாருங்கள், ஓ.எல் கணிதம் என்று அநேகமாக இருக்கும்.

கணிதம்

இதைப்பற்றி நான் நிறையச் சொல்வேன். வன்னியில் ஓ.எல் நின்றுபோன வீடுகளில் கேட்டால் பத்துக்கு ஏழு வீட்டில் "கணக்கு ஓடேல்லை" என்ற பதில்தான் வரும். எனக்கும் 2012இல் அதுதான். நான் விழுந்ததன் காரணம் பிறகு விளங்கியது. புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பாடமாகப் படித்தேன். சோதினை வரும்போது பாதியில் நின்றேன். படித்த பாதியும் கடினமான பாதி.

இரண்டாம் முறை வினாத்தாளிலிருந்து தொடங்கினேன். வினாத்தாள் ஒன்று 2 மணித்தியாலம். அதன் பகுதி 'அ'வில் 25 சிறு கேள்வி, ஒன்றுக்கு 2 புள்ளி, மொத்தம் 50. பகுதி 'ஆ'வில் 5 கேள்வி, ஒன்றுக்கு 10, அதுவும் 50. வினாத்தாள் இரண்டு 3 மணித்தியாலம். இரண்டு பகுதியாக 12 கேள்வி இருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாக 10 எழுதவேண்டும், ஒன்றுக்கு 10 புள்ளி. எல்லாம் சேர்த்து 200. முப்பத்தைந்து என்றால் இருநூறில் 70.

இந்த 70 எங்கே இருக்கிறது என்று தேடினேன். சிறு கேள்வி 25இல் 15 சரியாக வந்தால் 30. பகுதி 'ஆ'வில் பின்னக் கணக்கும் வட்டம், பரப்பளவு கணக்கும் வரும். அவற்றில் ஒன்றரைக் கேள்வி அளவு, 13 என்று வையுங்கள். மிச்சம் 27 வினாத்தாள் இரண்டில் எடுக்கவேண்டும். அங்கே சார்பு வரைபு வரும். அட்டவணையை நிரப்பி, புள்ளி குறித்து, வளைகோடு கீறினாலே பாதிக்கு மேல் கிடைக்கும், அதில் 8. கூட்டமாக்கிய மீடிறன் பரம்பலின் இடை, அதில் 8. கவராயம் வைத்து அமைக்கிற கேள்வி, அதில் 6. கூட்டல் விருத்தி, அதில் 5. எழுபது வந்துவிட்டது. ஒரு தேற்றமும் நிறுவாமல், திரிகோண கணிதம் தொடாமல்.

எழுபதோடு நிற்கச் சொல்லவில்லை. தொண்ணூறுக்கு ஆயத்தம் செய்தால்தான் சோதினை மண்டபப் பதற்றத்தில் எழுபது கையில் நிற்கும். அதற்குத் தொடையும் வென் வரிப்படமும், நிகழ்தகவும், வட்டிக் கணக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முதல் பெருக்கல் வாய்ப்பாடு, பின்னம், தசமம், சக குறி சய குறி. இதில் வெட்கம் வேண்டாம். ஒன்பதாம் வாய்ப்பாட்டை முப்பது வயதில் பாடமாக்கியவர்கள் என் விறாந்தையில் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து என் மகள் பாடமாக்கினாள்.

சந்தையில் மரக்கறி விற்கிற ஒரு தங்கச்சி வந்தா. எட்டாம் வகுப்போடு நின்றவ. "எனக்குக் கணக்கு எண்டால் தலையிடிக்கும் அக்கா" என்றா. நான் ஒரு தவணைக் கடன் கணக்கைக் கொடுத்தேன், குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி பார்க்கிறது. அவ பேனையை எடுக்காமலே, "இது நாங்கள் கட்டின லோன் மாதிரித்தானே, முதல் மாசம் வட்டி கூட, பிறகு குறையும்" என்றா. நுண்கடன் கட்டி அழுதழுது கற்ற கணக்கு அது. இரண்டு நாளில் அந்தக் கேள்விவகை முழுவதும் அவவுக்கு வந்துவிட்டது. பிறகு நாங்கள் செய்தது அவவுக்கு ஏற்கனவே தெரிந்த கணக்குகளைத் தேடி, அவற்றிலிருந்து அடுத்ததுக்குப் போனதுதான். விழுக்காடு தராசிலிருந்து, விகிதம் உர மூட்டையிலிருந்து, பரப்பளவு வேலியடைத்ததிலிருந்து. அவ முதல் தடவையிலேயே எஸ் எடுத்தா.

கவராயத்தைப்பற்றி ஒன்று. ஆணி இறுக்கமான, பென்சில் ஆடாத கவராயம் வாங்குங்கள். மலிவுப் பெட்டியில் வருகிறது பாதி வட்டத்தில் விரியும். ஆறு புள்ளி அதிலேயே போகும்.

கடந்தகால வினாத்தாள் பத்து வருசத்துக்காவது செய்யவேண்டும், நேரம் வைத்து, ஒரே இருப்பில். வீட்டில் அந்த மூன்று மணித்தியாலம் கிடைப்பதுதான் எங்கள் பெண்களுக்குப் பெரிய பாடு. எனக்குக் கிடைத்தது விடிய மூன்று மணிக்கும் ஐந்தரைக்கும் இடையில்தான். கணவன்மார் வாசித்தால் இந்த வரியைக் கவனியுங்கள்: ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைகளை வெளியில் கூட்டிக்கொண்டு போங்கள். அது காசு செலவில்லாத உதவி.

புத்தகம், வினாத்தாள்

அரச பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம், தமிழ் மொழிமூலத்திலும் இருக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் இருக்கின்றன. தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டி இருக்கும். அது ஆசிரியருக்கு என்று பெயர் போட்டிருந்தாலும் தனியாகப் படிக்கிறவருக்கு அதைப்போல் துணை இல்லை. ஏ.எல் காரருக்குத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் தங்கம். பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு தம்பியையோ தங்கச்சியையோ கேட்டு வாங்கிப் போட்டோப் பிரதி எடுங்கள். போனில் வாசித்தால் கண் நோகும், கவனமும் சிதறும். அலகு அலகாக அச்சடித்துக் கட்டிவையுங்கள்.

பாடத்திட்டம் மாறுகிற வருசம் என்றால் நீங்கள் வைத்திருக்கிற பழைய புத்தகம் பொருந்துமா என்று பார்க்கவேண்டும். அக்காவின் புத்தகத்தை வைத்துப் படித்துவிட்டு மண்டபத்தில் திகைத்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

விண்ணப்பம்

இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் பத்திரிகையிலும் தன் இணையத்தளத்திலும் அறிவித்தல் போடும். முடிவுத் திகதியைக் கலண்டரில் சிவப்பால் வட்டமிடுங்கள். முன்பெல்லாம் ஓகஸ்டில் ஏ.எல், டிசம்பரில் ஓ.எல் என்று ஊருக்கே தெரியும். 2020க்குப் பிறகு மாதங்கள் மாறி மாறி வருகின்றன. "போன வருசம் மே மாசம்தானே" என்று இருந்து விண்ணப்பத் திகதியை விட்டவர்கள் உண்டு.

தனிப்பட்ட பரீட்சார்த்தி தானே விண்ணப்பிக்கவேண்டும், கட்டணம் உண்டு. கொம்யூனிகேசன் கடையில் யாரோ ஒரு தம்பி நிரப்பித் தருவார். நிரப்பும்போது பக்கத்தில் இருங்கள். பாட இலக்கம், மொழிமூலம், அடையாள அட்டை இலக்கம், பெயர், நகரம் ஐந்தையும் அனுப்புகிற பொத்தானை அமத்த முதல் நீங்களே வாசியுங்கள். கட்டணச் சீட்டையும் விண்ணப்பப் பிரதியையும் அச்சடித்துக்கொண்டு வாருங்கள்.

நகரம் தெரிவு செய்யும்போது எது கிட்ட என்று மட்டும் பார்க்காதீர்கள், காலை பஸ் எது என்று பாருங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் உள்ளுக்குள் இருக்கிற ஊர்களில் விடியப் புறப்பட்டால் யானைப் பயம். பஸ்ஸை நம்பினால் நேரம் பிந்தும். சோதினை நாட்களில் மண்டபத்துக்குக் கிட்ட ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க ஒழுங்கு செய்யுங்கள். அதை மூன்று மாதம் முன்னமே கேட்டுவையுங்கள்.

அனுமதி அட்டை வந்தவுடன் திரும்ப அதே ஐந்து விபரத்தையும் பாருங்கள். பிழை இருந்தால் திருத்தத் திணைக்களம் ஒரு காலம் கொடுக்கும், அதற்குள் திருத்துங்கள். கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்த மறக்கவேண்டாம். அட்டையை மூன்று பிரதி எடுத்து ஒன்றை வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். எங்கள் பகுதியில் நவம்பர், டிசம்பர் என்றால் மழை. 2024இல் ஏ.எல் நடந்துகொண்டிருக்கும்போது பெருமழை வந்து நவம்பர் 27இலிருந்து சோதினையை நிறுத்தி டிசம்பர் 4இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். அந்த வாரம் என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அட்டையும் அடையாள அட்டையும் பொலித்தீனில் சுற்றி அரிசி வாளிக்குள் இருந்ததால் தப்பியது. 2025இலும் டித்வா புயலால் ஏ.எல் இடையில் நின்றது. அதனால் மழைக்காலச் சோதினை என்றால் பத்திரங்களை முதல் நாளே மூடி இறுக்கிற வாளிக்குள் போடுங்கள். நிறுத்தம் அறிவித்தால் வட்ஸ்அப்பில் வருகிற செய்தியை நம்பாமல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள்.

ஏ.எல்

உயர்தரத்தில் 3 முதன்மைப் பாடம். அவற்றோடு பொது ஆங்கிலமும், பொது அறிவும் உளச்சார்பும் பார்க்கிற பொதுச் சாதாரண பரீட்சையும். கலை, வர்த்தகம், கணிதப் பிரிவு, உயிரியல் பிரிவு, பிறகு பொறியியல் தொழினுட்பமும் உயிர்முறைமைகள் தொழினுட்பமும். தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படிக்கிறவர்களுக்கு 80 வீத வரவு வேண்டும். வயல் வேலைக்கு என்று மாதக்கணக்காக நிற்கிற பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க மூன்று பாடமும் ஒரே அமர்வில் சித்தி. பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியாவது வேண்டும். அந்த முப்பதை விட்டுவிட்டு நல்ல பெறுபேற்றோடு வீட்டில் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வினாத்தாளுக்கும் பத்துக் கடந்தகால வினாத்தாள் செய்யுங்கள். பல்கலைக்கழகத் தெரிவுக்கு மூன்று தடவைதான் கணக்கில் வரும். தெரிவு இசட் புள்ளியில் நடக்கும், அதாவது பாடங்களுக்கிடையில் இருக்கிற கடின வித்தியாசத்தைச் சமப்படுத்திக் கணிக்கிற புள்ளி. கலைப்பிரிவு போன்ற சிலவற்றுக்கு அகில இலங்கைத் திறமை, அதாவது நாடு முழுவதற்கும் ஒரே வரிசை. மற்றவற்றில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஆகவே கணிதம், உயிரியல் படிக்கத் துணிகிற பிள்ளையை "உனக்கேன் வீண் வேலை, ஆர்ட்ஸ் செய்" என்று திருப்பவேண்டாம். ஆசிரியர் இருக்கிற பள்ளிக்கூடமா என்று மட்டும் பாருங்கள்.

கலைப்பிரிவில் எந்த மூன்று பாடத்தைச் சேர்க்கலாம் என்பதற்கு விதி உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் வருசாவருசம் வரும். பாடம் தெரிய முதல் அதை வாசியுங்கள், பெறுபேறு வந்த பிறகு வாசிப்பதில் பயனில்லை. நான் தமிழ், இந்து நாகரிகம், புவியியல் எடுத்தேன். புவியியலில் படம் கீறப் பழகியது இரணைமடுவின் நீரேந்து பிரதேசத்தை வைத்து. கண்ணால் கண்ட குளம் என்பதால் மறக்கவில்லை.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் மூன்று பாடச் சித்தி கையில் இருந்தால் கல்வியியற் கல்லூரிக்கும் அரச வேலைகளுக்கும் விண்ணப்பிக்க வழி உண்டு. வவுனியாவில் ஒரு தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. வகுப்பறைப் படிப்பில் மனம் ஒட்டாத பிள்ளைக்கு வேறு பாதையும் உண்டு: ஓ.எல் பெறுபேறு எப்படி இருந்தாலும் பள்ளிக்கூடத்திலேயே தொழில் பிரிவில் தொடரலாம் என்று 2017இல் 13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வி தொடங்கியது. உங்களுக்குக் கிட்ட எந்தப் பள்ளிக்கூடத்தில் அது நடக்கிறது என்று வலயக்கல்விப் பணிமனையில் கேளுங்கள். அறிவியல்நகரில் 2016இலிருந்து இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது.

பெறுபேறு வந்த பிறகு

இணையத்தில் பார்த்தவுடன் அச்சடியுங்கள். ஒரு பாடத்தில் நீங்கள் நினைத்ததற்கும் வந்ததற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கும் முடிவுத் திகதி உண்டு. விழுந்த பாடத்தைத் திரும்ப எழுதப்போகிறவர்கள் அந்த வாரமே தொடங்குங்கள். கொப்பி இன்னும் சூடாக இருக்கும். நான் 2013இல் மூன்று மாதம் துக்கம் கொண்டாடிவிட்டுத் தொடங்கி, மறந்ததைத் திரும்பப் படிக்க இன்னும் இரண்டு மாதம் செலவழித்தேன்.

சான்றிதழின் மூலப்பிரதியை எந்தக் கந்தோரிலும் விட்டுவிட்டு வரவேண்டாம். காட்டுங்கள், அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கையோடு திருப்பி வாங்குங்கள். தொலைந்தவர்கள் பெறுபேற்றுச் சான்றிதழைப் பத்தரமுல்லை, பெலவத்தையில் இருக்கிற பரீட்சைத் திணைக்களத்தில் திரும்ப எடுக்கலாம். வருசமும் சுட்டெண்ணும் தெரிந்தால் அலுவல் கெதியாக முடியும். சுட்டெண்ணை எழுதிவைக்காதவர்கள் அதை இன்றைக்கே பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியின் பின்பக்கத்தில் எழுதுங்கள், பென்சிலால்.